இரண்டு மணிக்குக் காய்ச்சல் வரும் பம்ப்

வெப்ப உணரிகளைப் பற்றிப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கோ என்று உங்கள் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டார். வந்து பார்த்தால், சொல்வதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. உங்கள் மேசையில் கிடக்கிற கறுப்புச் சாமானுக்கு மூன்று கால், ஒரு மொட்டைத் தலை. விரல் நகத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு காலில் மின்சாரம் கொடுக்கிறீர்கள், நடுக்காலில் வரும் வோல்ற்றை எடுத்துக் கணினிக்குக் கொடுக்கிறீர்கள், திரையில் முப்பத்தொன்று தசம் நாலு என்று வருகிறது. அதைப் பார்த்த பிறகுதான் "இண்டைக்கு வெக்கை" என்று விசிறிக்கொள்கிறீர்கள்.

அந்தச் சாமானைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அந்த எண்ணைக் கண்டதும் உங்கள் முகங்களில் வந்த நிம்மதியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதே முகம் எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. அதனால் ஒரு வாய்க்கால் சனம் முழுவதும் என் மேல் கோபித்துக்கொண்டு நின்றது.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்துநாலு வயது. கிளிநொச்சியில் ஒரு தொழிற்கூடத்தில் றேடியோவும் பற்றரியும் திருத்துவது என் வேலை. ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு குளத்தடியில் டீசல் எஞ்சினால் ஓடும் பெரிய பம்ப் ஒன்று இருந்தது. குளத்துத் தண்ணீரை மேட்டுக்காணிகளுக்கு ஏற்றிக் கொடுப்பது அதுதான். யாழ்ப்பாணத்திலிருந்தும் தீவுகளிலிருந்தும் வந்து குடியேறிய குடும்பங்கள் அந்தக் காணிகளில் மிளகாய் போட்டிருந்தன. தண்ணீர் முறை வைத்துப் போகும். விடியற்காலை தொடங்கி மத்தியானம் வரை கிழக்கு வாய்க்கால். பிறகு எஞ்சினுக்கும் மனிதருக்கும் ஓய்வு. இரண்டு மணியிலிருந்து பொழுதுபடும் வரை மேற்கு வாய்க்கால்.

முந்தைய வருடம் அந்தப் பம்பின் பேரிங் ஒன்று, அதாவது சுழலும் தண்டைத் தாங்கி நிற்கிற இரும்புக்கூடு, சூடேறி எரிந்து இறுகிவிட்டது. புதியது கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தபோது மிளகாய்க் கன்றெல்லாம் விறகாகியிருந்தது. அதனால் எங்கள் பொறியியலாளர் என்னைக் கூப்பிட்டார். அவர் அதிகம் பேசாத மனிதர். கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார்.

"பேரிங் சூடேறினால் மணியடிக்கிற ஒரு சாமான் செய்வீரோ?"

"செய்வன் சேர்."

"அது பிழையா அடிச்சால் என்னண்டு கண்டுபிடிப்பீர்?"

"பிழையா அடிக்காது சேர்."

கண்ணாடிக்கு மேலால் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "செய்யும். ஆனால் கொண்டுபோய்ப் பூட்டிவிட்டு ஓடி வராமல் இந்தப் போகம் முடியும்வரை அங்கேயே இரும்" என்றார். அதை நான் பதவி உயர்வு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு றேடியோச் சஞ்சிகையில் தேர்மிஸ்டர் என்ற ஒன்றைப் பற்றி வாசித்திருந்தேன். உங்கள் மூன்றுகாலனின் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். மிளகு விதையளவுதான் இருக்கும். சூடு ஏறினால் அதன் தடை குறையும், மின்சாரம் கூடும். அந்தக் கூடுதலை இரண்டு ஜேர்மேனியம் ட்ரான்சிஸ்டரைக் கொண்டு பெருக்கி ஒரு மீற்றர் முள்ளை ஆட்டலாம். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் ரிலே என்ற மின்சுவிட்ச் ஒன்று "டிக்" என்று விழுந்து மணியை அடிக்கும். மணி, ஒரு பழைய தொலைபேசிப் பெட்டியில் இருந்து கழற்றியது. ஊரைக் கூட்டுகிற சத்தம். எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டிக்குள் அடக்கிப் பச்சை வர்ணம் பூசினேன். தேர்மிஸ்டரை ஒரு சிறு செப்புக் குழாய்க்குள் வைத்து நீள வயரில் தொங்கவிட்டேன். என் அறையின் குசினியில் கேத்தில் தண்ணீருக்குள் குழாயை விட்டுப் பரிசோதித்தேன். வெப்பமானி காட்டியதையே என் முள்ளும் காட்டியது. பத்துத் தரம் செய்தேன், பத்துத் தரமும் சரி.

அது நல்ல பரிசோதனைதான். ஆனால் அங்கே கொதித்தது தண்ணீர் மட்டும். என் பெட்டி குசினி மேசை நிழலில் குளிர்ச்சியாக இருந்தது. அதை நான் கவனிக்கவில்லை.

பஸ்ஸின் கூரையில் சைக்கிளையும் மடியில் பச்சைப் பெட்டியையும் வைத்துக்கொண்டு ஒட்டுசுட்டானுக்குப் போனேன். பம்ப் கொட்டகை நாலு பக்கமும் தகரம். பேரிங் கூட்டில் துளை போட்டுச் செப்புக் குழாயைச் செருகினேன். பெட்டியை எங்கே மாட்டுவது? எஞ்சின் அதிராத இடம், வந்து போகிறவர்கள் கண்ணில் படுகிற இடம் என்று பார்த்து, மேற்குப் பக்கத் தகரச் சுவரில் மாட்டினேன். கண்ணில் படவேண்டும் என்பதுதான் முக்கிய காரணம் என்பதை இந்த வயதில் ஒப்புக்கொள்கிறேன்.

எஞ்சினை ஓட்டியவர் கபூர் நானா. முல்லைத்தீவுக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். அதற்கு முன் ஒரு அரிசி ஆலையில் எஞ்சின் ஓட்டியவர். பேரிங் சூடா என்று பார்க்க அவரிடம் ஒரு முறை இருந்தது. உள்ளங்கையைக் கூட்டின் மேல் வைத்து மெல்லமாக எண்ணுவார். பத்துவரை வைத்திருக்க முடிந்தால் ஓடலாம். ஐந்தில் கையை எடுத்தால் நிறுத்த வேண்டும்.

பொறியியலாளர் எழுதிக் கையெழுத்திட்ட அறிவித்தல் ஒன்றைச் சுவரில் ஒட்டினேன். மணி அடித்தால் எஞ்சினை நிறுத்தி ஒரு மணித்தியாலம் ஆறவிடவும். நானா அதை வாசித்துவிட்டுத் தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

இரண்டு மணி தாண்டிக் கால் மணித்தியாலத்தில் மணி அடித்தது. முதல் நாளே! எனக்குப் பெருமை தாங்கவில்லை. நானா ஓடிவந்து எஞ்சினை நிறுத்தினார். நான் பெட்டியின் சுவிட்சை அணைத்தேன்; மணியும் முள்ளும் சேர்ந்து அடங்கின. பற்றரி இறங்கிவிடக் கூடாது என்று அந்தச் சுவிட்சை நானேதான் வைத்திருந்தேன். "பாத்தீங்களா நானா, இது இல்லாட்டி இண்டைக்குப் பேரிங் போயிருக்கும்" என்றேன். அவர் எனக்குப் பிளேன் ரீ ஊற்றித் தந்தார்.

அடுத்த நாளும் அதே நேரம் அடித்தது. ஆறவிட்டு மறுபடி ஓட்டினால் மறுபடியும் அடித்தது. மூன்றாம் நாள் நானா கையை வைத்துப் பத்து எண்ணி, இருபது எண்ணி, முப்பதில் நிறுத்தினார்.

"தம்பி, இதில சூடில்ல."

"நானா, முள்ளைப் பாருங்க. சிவப்பைத் தாண்டி நிக்குது."

"முள்ளு நிக்குது. பேரிங்கு சும்மா இருக்குதே."

"உங்கட கை எந்தக் கொம்பனியில செய்தது நானா? அதில கோடு கீடு ஏதும் போட்டிருக்கோ?"

அவர் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு கையைப் பற்றிப் பேசவில்லை. நானே அவரை வாய்மூடப் பண்ணினேன். தொழிலில் நான் செய்த பிழைகளுக்கு வரிசை போட்டால், ட்ரான்சிஸ்டரில் விட்ட பிழையை விட அந்தப் பகிடி மேலே நிற்கும். உங்களுக்குத் தெரியாததைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் பக்கத்தில் நிற்கும்போது அவரைப் பார்த்துப் பகிடி விடாதீர்கள்.

காலையில் எட்டு மணித்தியாலம் ஓடும் பம்புக்குப் பின்னேரம் மட்டும் காய்ச்சல் வந்தது. அதாவது கிழக்கு வாய்க்காலுக்குக் குறைவில்லாமல் தண்ணீர். மேற்கு வாய்க்காலுக்கு மணிச்சத்தம். கன்றுகள் பூத்து நின்ற நேரம் அது.

ஏழாவது நாள் மேற்கு வாய்க்காலிலிருந்து பத்துப் பதினைந்து பேர் கொட்டகைக்கு வந்தார்கள். முன்னால் வந்தவர் பாக்கியம் அக்கா. தீவுப்பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர். கணவர் மர வேலைக்குக் காட்டுக்குப் போய்விடுவார். காணி முழுக்க அவருடைய பொறுப்பு. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு என் பெட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீரோ மீற்றர்காரர்?"

"ஓம் அக்கா."

"ஒண்டு கேக்கிறன், கோவிக்கப்படாது. கிழக்கு வாய்க்காலுக்கு ஓடேக்குள்ளை வராத காய்ச்சல், எங்கட முறைக்கு மட்டும் ஏன் வருது?"

"மெசினுக்குக் கிழக்கு மேற்குத் தெரியாது அக்கா."

"மெசினுக்குத் தெரியாது. மெசின் செய்தவருக்குத் தெரியுமோ எண்டுதான் கேக்கிறன்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர், "பின்னை, கிழக்கிலைதானே பொம்பிளை பேசினவை!" என்று சத்தமாகச் சொன்னார். உண்மைதான். கிழக்கு வாய்க்காலில் ஒரு குடும்பத்திலிருந்து என் அம்மாவுக்கு ஒரு கல்யாணக் கதை போயிருந்தது. எனக்கே அது சரியாகத் தெரியாது, மேற்கு வாய்க்கால் முழுக்கத் தெரிந்திருந்தது. அந்தக் கதை பிறகு அப்படியே அணைந்துபோனது. வாய்க்கால் சண்டையில் அகப்பட்ட மாப்பிள்ளை அவர்களுக்கு வேண்டாமாம்.

பாக்கியம் அக்கா சிரிக்கவில்லை. "பூ கொட்டத் தொடங்கீட்டுது தம்பி. இன்னும் மூண்டு நாள் பாப்பம். அதுக்குள்ளை இதைச் சரியாக்காட்டி நாங்கள் வந்து மணியைக் கழட்டுவம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த மூன்று நாளும் நான் நித்திரை கொண்டது குறைவு. தேர்மிஸ்டரைக் கழற்றிக் காலையில் வெந்நீரில் பரிசோதித்தேன். சரியாக இருந்தது. என்னிடம் இருந்த மற்றத் தேர்மிஸ்டரை மாற்றிப் போட்டேன். மணி அடித்தது. பேரிங்கின் கிரீஸை மாற்றினோம். மணி அடித்தது. வயரை மாற்றினேன். அடித்தது. பேரிங்கைச் சந்தேகித்தேன், கிரீஸைச் சந்தேகித்தேன், கடைசியில் டீசலையும் சந்தேகித்தேன். பச்சைப் பெட்டியை மட்டும் சந்தேகிக்கவில்லை. அது நான் செய்ததல்லவா?

பத்தாவது நாள் இரண்டேகால் மணிக்கு மணி அடித்தபோது அவர்கள் கொட்டகை வாசலிலேயே நின்றார்கள். ஒருவர் கையில் திருப்புளி இருந்தது. நானா எஞ்சினை நிறுத்தினார். நான் வழக்கம்போல் சுவிட்சை அணைத்தேன். பாக்கியம் அக்கா உள்ளே வந்தார். என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"தம்பி, போன செவ்வாய்க்கிழமை இது அடிக்கேல்லை. தெரியுமே?"

யோசித்துப் பார்த்தேன். அந்த நாளை நான் மகிழ்ச்சியோடு மறந்திருந்தேன். பிரச்சினை இல்லாத நாளை யார் நினைவில் வைத்திருப்பார்? தண்ணீர் கிடைத்த ஒரே நாள் என்பதால் அவர் வைத்திருந்தார்.

"அண்டைக்கு மப்பு" என்றார் அவர். "காலமை துவக்கம் வெயிலே இல்லை. மெசின் கொட்டகைக்குள்ளை நிக்குது, அதிலை எந்த நாளும் வெயில் படுறேல்லை. அப்ப வெயில் படுறது எதிலை எண்டு பாரும்."

நான் பார்த்தேன். மேற்குத் தகரச் சுவர் முழுக்க வெயிலில் தகித்துக்கொண்டிருந்தது. பெட்டியைத் தொட்டேன். விரலை உதறிக்கொண்டு பின்னுக்கு வந்தேன். நானாவின் முறைப்படி என்றால் ஒன்றுகூட எண்ண முடியாத சூடு.

அப்போதுதான் ஒரு எண்ணம் வந்தது. பேரிங்கிலிருந்து செப்புக் குழாயை உருவினேன். மூலையில் நானா குடிதண்ணீர் வைத்திருந்த மண்பானைக்குள் அதை விட்டேன்.

"தம்பி, குடிக்கிற தண்ணி!" என்று நானா கத்தினார்.

பெட்டியின் சுவிட்சைப் போட்டேன். கொட்டகை அதிர மணி அடித்தது. எஞ்சின் நிற்கிறது, உணரி குளிர்ந்த தண்ணீருக்குள் இருக்கிறது, மணி அடிக்கிறது.

எல்லாரும் பானையை எட்டிப் பார்த்தார்கள். பிறகு திருப்புளிக்காரர், "பானைக்கும் காய்ச்சல்!" என்றார். அவ்வளவுதான். சனம் சிரித்த சிரிப்பில் மணிச்சத்தம் கேட்கவில்லை. நானா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டுச் சூடு தாங்காமல் கையை எடுத்தார். அதற்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழியில்லை.

பாக்கியம் அக்கா கீழே கிடந்த சாக்கு ஒன்றை எடுத்து, பானைத் தண்ணீரில் நனைத்துப் பெட்டியின் மேல் போட்டார். சில நிமிடத்தில் முள் இறங்கியது. மணி நின்றது.

என்ன நடந்தது என்று உங்களுக்கு விளங்கியிருக்கும். ஜேர்மேனியம் ட்ரான்சிஸ்டருக்குச் சூடு பிடித்தால் அதன் வழியே மின்சாரம் தானாகவே கசியும். அதாவது அதுவும் ஒரு வெப்ப உணரிதான். பேரிங்கின் சூட்டைக் கேட்டேன் நான். பெட்டிக்குள் இருந்த ட்ரான்சிஸ்டர் தன் சூட்டையும் சேர்த்துச் சொன்னது. முள்ளுக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. மணி எஞ்சின் நிற்கும்போதும் அடித்திருக்கும். நான்தான் ஒவ்வொரு நாளும் பற்றரியைக் காப்பாற்றுவதற்காக அதன் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அணைக்காமல் விட்டிருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

அன்று பொழுதுபடும்வரை மேற்கு வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. பெட்டியைக் கழற்றிக் கொட்டகை நடுவில் நின்ற பாலை மரத் தூணில், நிழலில் மாட்டினேன். அடுத்த கிழமை தொழிற்கூடத்துக்குப் போய் இன்னொரு ட்ரான்சிஸ்டரை எதிர்ப்பக்கத்தில் சேர்த்து, ஒன்றின் கசிவை மற்றது ஈடுசெய்யும்படி திருத்திக்கொண்டு வந்தேன். இப்போது பெட்டியை வெயிலில் வைத்தாலும் முள் அசையவில்லை. பொறியியலாளரிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் கண்ணாடிக்கு மேலால் மட்டும் பார்த்தார். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

இத்துடன் கதையை முடித்தால் நீங்கள் பெட்டியை நிழலில் மாட்டவேண்டும் என்று எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவீர்கள். கதை முடியவில்லை.

கருவி சரியானது. ஆனால் அதன் மேல் எனக்கிருந்த நம்பிக்கை போய்விட்டது. முன்பு முள்ளை மட்டும் நம்பினேன், இப்போது நானாவின் கையை மட்டும் நம்பினேன். ஒரு நாளைக்கு நாலு தரம் "கையை வையுங்க நானா" என்பேன். அவரும் பழைய கணக்கை மனதில் வைக்காமல், கையை விரித்துக் காட்டி, "கொம்பனிச் சாமான் தம்பி" என்பார். வாய்க்கால் சனத்துக்கு அந்தப் பெட்டியின் பெயர் காய்ச்சல்பெட்டி. அதைத் தாண்டிப் போகிறவர்கள், "இண்டைக்கு எப்பிடிச் சுகம்?" என்று அதை விசாரித்துவிட்டுப் போவார்கள்.

மூன்று கிழமை கழிந்தது. மிளகாய் பிஞ்சு பிடித்திருந்தது. குளத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டு வந்ததால் இன்னும் இரண்டு மூன்று முறைதான் ஏற்றலாம் என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு பின்னேரம், மேற்கு வாய்க்காலின் முறை. வானம் மப்பு. மூன்று மணியளவில் மணி அடித்தது.

யாரும் அசையவில்லை. வாய்க்கால் தலைப்பில் நின்ற பாக்கியம் அக்கா, "காய்ச்சல்பெட்டிக்குச் சாக்கை நனைச்சுப் போடும் தம்பி" என்று சத்தம் போட்டுவிட்டு மண்வெட்டியோடு தன் வேலையைப் பார்த்தார். நானா எழும்பி வந்து பேரிங்கின் மேல் கையை வைத்தார். பத்து எண்ணினார். "நல்லாக் குளிருது. ஓடட்டும்" என்றார்.

எனக்கும் ஓடட்டும் என்றுதான் இருந்தது. அன்று நான் எஞ்சினை நிறுத்தினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒருமுறை பத்து நாள் தண்ணீரைக் கெடுத்தவன், இரண்டாம் முறையும் கெடுத்தான் என்று ஆகும். கையைச் சுவிட்சுக்குக் கொண்டுபோனேன். அணைத்துவிட்டால் சத்தம் போய்விடும், எல்லாருக்கும் நிம்மதி. சுவிட்சில் விரல் வைத்தபடி நின்றுவிட்டேன். இதே சுவிட்சைத்தான் மணி அடித்த நாளெல்லாம் அணைத்தேன்.

அணைக்காமல், பெட்டியைத் தொட்டேன். குளிர்ச்சியாக இருந்தது. செப்புக் குழாயைப் பேரிங்கிலிருந்து உருவிப் பானைத் தண்ணீருக்குள் விட்டேன். இந்த முறை நானா கத்தவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். முள் இறங்கியது. மணி நின்றது. எடுத்துத் துடைத்து மறுபடி பேரிங்கில் செருகினேன். முள் மெல்ல ஏறிச் சிவப்பைத் தாண்டியது. மணி அடித்தது.

"நானா, நிப்பாட்டுங்க."

"தம்பி, நான் கை வச்சுப் பார்த்தனே!"

"தெரியும். நிப்பாட்டுங்க."

"அப்ப என்ர கை பொய் சொல்லுதா?"

"எனக்குத் தெரியாது நானா. பெட்டி இண்டைக்குப் பொய் சொல்லேல்லை. அது மட்டும் தெரியும்."

அவர் முகம் சுருங்கியது. ஆனால் நிறுத்தினார். எஞ்சின் சத்தம் அடங்கியதும் வாய்க்காலடியில் நின்றவர்கள் ஒவ்வொருவராக வந்து கொட்டகையை நிறைத்தார்கள். பாக்கியம் அக்காவின் கையில் மண்வெட்டி இருந்தது. "ஏன் நிண்டது?" என்று கேட்டார். "நான்தான் நிப்பாட்டச் சொன்னனான்" என்றேன். அவர் மண்வெட்டிப் பிடியில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். மற்றவர்கள் பேசியவற்றை நான் இங்கே சொல்லத் தேவையில்லை. பெண் பிள்ளைகளும் இருக்கிறீர்கள்.

பேரிங் கூட்டின் மூடியைக் கழற்ற நானாவும் நானும் குனிந்தோம். எண்ணெய் துடைக்கிற சாக்கு என்று நினைத்துக் கவனிக்காமல் விட்ட, கூட்டின் மேல் கிடந்த ஈரச் சாக்கை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன்.

"இது என்ன நானா?"

"அண்டைக்குப் பெட்டிக்குப் போட்டுக் குளிர்ந்திச்சுதே. இதுக்கும் நல்லம்தானே எண்டு நாலைஞ்சு நாளாப் போடுறன். கை வைக்கேக்குள்ள எடுத்திட்டு வைப்பன்."

மூடி கழன்றதும் எரிந்த எண்ணெய் மணம் முகத்தில் அடித்தது. உள்ளே கிரீஸ் கறுத்துக் கட்டியாகியிருந்தது. கிரீஸ் போகும் வழி அடைபட்டு, உள்ளே புதிதாக ஒன்றும் போகாமல் பேரிங் வறண்டு ஓடியிருக்கிறது. ஈரச்சாக்கு வெளிக்கூட்டை மட்டும் குளிர வைத்திருக்கிறது. என் செப்புக் குழாய் துளைக்குள்ளே, எரிகிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. நானாவின் கை வெளியே சாக்குக் குளிரில் இருந்தது. குழாயும் கையும் இரண்டுமே பொய் சொல்லவில்லை. ஒவ்வொன்றும் தான் தொட்ட இடத்தின் சூட்டைச் சொன்னது.

நானா கறுத்த கிரீஸை விரலால் எடுத்துப் பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தார். "இவ்வளவு நாளும் நான் சாக்குக்குத்தான் காய்ச்சல் பார்த்திருக்கிறன்" என்றார். முதலில் சிரித்தது அவர்தான். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்குச் சிரிக்கத் துணிவு வந்தது.

மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினோம். அடைப்பைக் கம்பியால் குத்தி எடுத்தோம். உருளைகள் நீலம் பாரித்திருந்தன, ஆனால் உடையவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தால் முந்தைய வருடம் போலவே இறுகியிருக்கும், கொழும்புக்கு எழுதிவிட்டு வானத்தைப் பார்த்திருப்போம். புதுக் கிரீஸ் நிரப்பி மூடியைப் பூட்டியபோது ஐந்து மணி. நானா எஞ்சினைக் கிளப்பினார். முள் சிவப்புக்குக் கீழே நிம்மதியாக நின்றது. நானா சாக்கை எடுத்து வெளியே எறிந்துவிட்டுக் கையையும் வைத்துப் பார்த்தார். பிறகு முள்ளையும் பார்த்தார். இரண்டும் ஒத்துப்போயின. யானை வருகிற வழி அது. இருட்டுமுன் எல்லாரும் போய்விட வேண்டும். ஆனாலும் கடைசி வரம்புக்குத் தண்ணீர் போகும்வரை யாரும் போகவில்லை.

அந்தப் போகம் தப்பியது. பத்து நாளில் பூக் கொட்டிய மேற்கு வாய்க்காலில் விளைச்சல் கிழக்கை விடக் குறைவுதான். ஆனால் காய்ந்துபோகவில்லை.

அடுத்த நாள் காலை பாக்கியம் அக்கா கொட்டகைக்கு வந்தார். அது அவருடைய முறையும் அல்ல. நான் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நானா கொடுத்த பிளேன் ரீயை வாங்கிக்கொண்டு எண்ணெய்ப் பீப்பாவில் உட்கார்ந்தார்.

"நேற்று நிப்பாட்டேக்குள்ளை, உள்ளை எரிஞ்சுபோய்க் கிடக்கெண்டு உமக்குத் தெரியுமே?"

"இல்லை அக்கா."

"பின்னை என்ன துணிவிலை நிப்பாட்டினீர்?"

"துணிவு ஒண்டுமில்லை. பெட்டி உண்மை சொல்லுதோ பொய் சொல்லுதோ எண்டு முதல் பார்த்தன். உண்மை சொல்லுது எண்டு தெரிஞ்சுது. அதுக்குப் பிறகு ஓடவிட மனம் வரேல்லை."

"அதைப் பாக்க எவ்வளவு நேரம் எடுத்தது?"

"அஞ்சு நிமிசம் இருக்கும்."

அவர் தேநீரைக் குடித்து முடித்தார். கோப்பையை நானாவிடம் கொடுத்துவிட்டு எழும்பினார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, ஏதோ வழி கேட்பது போலத்தான் கேட்டார்.

"அந்த அஞ்சு நிமிசத்தை முதல் நாளே எடுத்திருந்தால், எங்கட பூ நிண்டிருக்குமல்லோ தம்பி?"

"ஓம் அக்கா" என்றேன்.